திரை மலையும் தரை மலையும்



பாசிர் கூடாங் என்றதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றும்? துறைமுகம் தோன்றும், எண்ணெய்த் தொட்டிகள் தோன்றும், இரவும் பகலும் ஓடுகிற கொள்கலன் லாரிகள் தோன்றும். 1977-இல் துறைமுகம் தொடங்குவதற்கு முன்னர் அந்தப் பக்கத்தில் ரப்பரும் செம்பனையும் நின்றன என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, பெட்டி படுக்கையோடு வெளியேறிய நம் குடும்பங்கள் பல அங்கேயும் பக்கத்து மாசாயிலும்தான் போய்க் குடியேறின. வேலை உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, கோயில் உண்டு. உலகப் பட்டத் திருவிழா நடத்தும் அளவுக்குக் காற்றும் உண்டு. மலைதான் கிடையாது.

மலையே இல்லாத அந்த ஊரில், ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில், என் அக்கா மகன் பிரான்சு நாட்டு மலை ஒன்றில் சைக்கிள் ஏறினான். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கதையோடு கொஞ்சம் கணக்கும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது அல்லவா? கொரோனா நோய் பரவிய காலம். வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. அவன் சைக்கிள் பைத்தியம். வேலை முடிந்தால் சைக்கிள், ஞாயிறு வந்தால் சைக்கிள் என்று இருந்தவன் கூண்டுக்கிளியாகிப் போனான். சேமித்து வைத்திருந்த காசைப் போட்டு ஒரு பொறி வாங்கினான். "எத்தனை வெள்ளிடா?" என்று அக்கா கேட்டதற்கு அவன் இன்றுவரை சரியான பதில் சொல்லவில்லை.

அந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட வேண்டும். சக்கரம் இருந்த இடத்தில் இந்தப் பொறியை மாட்ட வேண்டும். சங்கிலி பொறியிலுள்ள பல்சக்கரத்தில் ஓடும். உள்ளே கனமான ஓர் இரும்புச் சக்கரம் சுழலும். அதன் அருகில் மின்காந்தம் இருக்கும். மின்காந்தத்துக்கு மின்சாரம் கூடக்கூட, சுழலும் சக்கரத்தை அது தொடாமலேயே பிடித்து இழுக்கும், மிதிப்பது கனக்கும். எவ்வளவு கனக்க வேண்டும் என்பதைக் கணினி சொல்கிறது. எதிரே தொலைக்காட்சித் திரையில் ஒரு சாலை தெரியும். சாலை மேட்டில் ஏறினால் கால் கனக்கும். சமதரைக்கு வந்தால் இலேசாகும். திரையில் நம்மைப் போலவே ஒரு பொம்மை மனிதன் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவான். நம்முடைய எடை எவ்வளவு, எத்தனை வாட் ஆற்றலோடு மிதிக்கிறோம் என்ற இரண்டையும் கொண்டு கணினி அவனுடைய வேகத்தைக் கணக்கிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எடையை நாமேதான் எழுதிக் கொடுக்க வேண்டும். 70 கிலோ உள்ளவர் 60 என்று எழுதிவிட்டால் பொம்மை மனிதன் மேட்டில் பறப்பான். தராசில் கல்லைக் குறைத்து வைக்கும் கடைக்காரர்களை நாம் பார்த்ததில்லையா? அந்த வேலை இங்கேயும் நடக்கிறது.

ஸ்விஃப்ட் என்பது இவ்வகை விளையாட்டுகளில் பெயர் பெற்றது. அதில் வட்டோப்பியா என்று ஒரு கற்பனைத் தீவு. அந்தத் தீவில் பிரான்சிலுள்ள ஆல்ப் துவெஸ் என்ற மலைச்சாலையை அப்படியே படியெடுத்து வைத்திருக்கிறார்கள். அசல் மலையில் 21 கொண்டை ஊசி வளைவுகள், படியெடுத்ததிலும் 21. அசலின் நீளம் ஏறத்தாழ 13.8 கிலோமீட்டர், சராசரியாக 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும். டூர் டி பிரான்சு என்னும் உலகப் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயம் 1952-இல் முதன்முறையாக அந்த மலைக்கு வந்தது. அன்று வென்றவர் இத்தாலியரான ஃபாஸ்டோ கோப்பி. வளைவுகளுக்கு அடியிலிருந்து 21, 20, 19 என்று இறங்கு வரிசையில் எண் போட்டிருக்கிறார்கள். ஏறுகிறவன் இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணிக்கொண்டே போகலாம். பால் வெட்டுகிறவர்கள் நிரையில் இன்னும் எத்தனை மரம் பாக்கி என்று கண்ணாலேயே எண்ணுவார்களே, அந்த மாதிரி.

என் அக்கா மகன் இந்தத் திரை மலையை முதல் தடவை ஏறியபோது ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. ஓராண்டு விடாமல் மிதித்து 75 நிமிடத்துக்கு வந்துவிட்டான். தரையில் விரித்திருந்த துண்டு பிழிகிற அளவுக்கு வியர்வை. மின்விசிறி இரண்டு. கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

இது வெறும் பொம்மை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த 80 கிலோவை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். 50 கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைக்கிறீர்கள்; அதை 1,600 தடவை செய்தால் எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை. 75 நிமிடத்தில் அதைச் செய்து முடிக்க, கால்கள் இடைவிடாமல் 200 வாட் அளவுக்கு ஆற்றல் கொடுக்க வேண்டும். பழைய குண்டு பல்பு, 100 வாட் பல்பு, இரண்டை எரிய வைக்கிற ஆற்றல் அது. மேலும், நம் உடம்பு சாப்பாட்டிலிருந்து எடுக்கும் சக்தியில் கால்பங்கு போலத்தான் மிதியடிக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கு சூடாக வெளியேறுகிறது. வெளியே ஓட்டினால் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். அறைக்குள் காற்று ஏது? ஆகவேதான் இரண்டு மின்விசிறி. இதயமும் நுரையீரலும் தொடைத் தசையும் செய்கிற வேலையில் பொய் கிடையாது. எடையை ஒழுங்காக எழுதி, பொறியும் சரியாக அளந்தால், ஏற்றத்தைப் பொறுத்தவரை திரை மலையும் மலைதான்.

இதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரேலியரான ஜே வைன், 2020-இல் இந்தத் திரைப்பொறியில் நடத்தப்பட்ட தேர்வில் வென்று, அதன் பரிசாக ஐரோப்பியத் தொழில்முறை அணியொன்றில் இடம்பிடித்தார். இரண்டே ஆண்டில், 2022-இல், ஸ்பெயின் நாட்டின் பெரும் பந்தயமான வுவெல்ட்டாவில் இரண்டு நாள் பந்தயங்களை வென்றார். இரண்டும் மலை உச்சியில் முடிகிற பந்தயங்கள். திரையில் தேறிய கால்கள் தரையிலும் தேறின. அதே 2020-இன் டிசம்பரில், உலக சைக்கிளோட்டச் சங்கம் திரைப் பந்தயத்துக்கென்றே முதல் உலக வெற்றியாளர் போட்டியை நடத்தியது. ஆண்களில் வென்றவர் ஜெர்மானியரான ஜேசன் ஓஸ்போர்ன். அவர் அப்போது படகு வலிக்கும் வீரர்! பெண்களில் வென்றவர் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோ. போட்டியாளர்கள் அவரவர் இருந்த இடத்திலிருந்தே மிதித்தார்கள்.

என் அக்காவைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர். "நடங்கள்" என்று கிளினிக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எங்கே நடப்பது? கீழே இறங்கினால் லாரி. மழை வந்தால் வழுக்கல். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டி, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனதும், வட்டாரத்தின் 111 பள்ளிகளை மூடியதும் நினைவிருக்கிறதல்லவா? அதன்பிறகு அவருக்கு வெளிக்காற்றைக் கண்டாலே பயம். மகன் வேலைக்குப் போன நேரத்தில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பொறியில் சமதரைச் சாலையாகப் பார்த்து இருபது நிமிடம் மிதிக்கத் தொடங்கினார். திரையில் சாலை ஓடும். கைப்பேசியில் நாடகம் ஓடும். முடியாவிட்டால் அப்படியே நிறுத்தி இறங்கிவிடலாம். நடு மலையில் நின்றுபோன கவலை இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு அந்தப் பொறி ஒரு வரம் என்றே சொல்வேன். விலை மட்டும் கொஞ்சம் குறைந்தால் தேவலை.

சரி, கதைக்கு வருவோம். 2022 ஜூலையில் அவனும் நண்பர்கள் நால்வரும் கெந்திங் மலைக்குப் புறப்பட்டார்கள்.

நம் நாட்டில் சைக்கிளோட்டக்காரர்களுக்குப் பழனிமலை மாதிரி கெந்திங். 1996-இல் தொடங்கிய லங்காவி சைக்கிளோட்டப் போட்டியைப் பல ஆண்டுகள் தீர்மானித்தது இந்த மலைதான். அங்கே முந்தியவர்தான் பெரும்பாலும் கோப்பையைத் தூக்குவார். பத்தாங் காலிப் பக்கமிருந்து, தாழ்ந்த நிலத்திலிருந்து தொடங்கி, காட்டுக்குள் வளைந்து வளைந்து கோத்தோங் ஜெயாவுக்கு ஏறி, அங்கிருந்து செங்குத்தாக உச்சிக்குப் போக வேண்டும். உச்சி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர். ஆல்ப் துவெஸ் ஏற்றத்தை விட இது உயரத்திலும் நீளத்திலும் அதிகம். கடைசிப் பகுதியில் சில இடங்களில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, அவன் அப்பா, அதாவது என் அத்தான், ஒரே ஒரு கேள்வி கேட்டார். அத்தான் கோத்தா திங்கிப் பக்கத் தோட்டத்தில் இருபத்தைந்து ஆண்டு பால் வெட்டியவர். மேட்டு நிரை அவருடையது. சைக்கிளின் இரு பக்கமும் பால் கலன்களைக் கட்டிக்கொண்டு, மண் சடக்கில் இறங்கிப் பால் கொட்டகைக்கு வருவார்.

"ஏறிடுவே. எறங்குறப்ப என்னடா பண்ணுவே?"

"எறங்குறதுக்கு என்னப்பா, வண்டி தானா வரும்."

அத்தான் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பேசுகிறவர் அல்லர்.

ஏற்றம் நன்றாகவே நடந்தது. கால் ஏமாற்றவில்லை. ஆனால் பொறி சொல்லித் தராத சில விஷயங்களை அவன் வழியில் கண்டுகொண்டான். பொறியின் மேல் சைக்கிள் ஆடாமல் நிற்கும். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் உண்மைச் சைக்கிள் இடமும் வலமும் சாயும். அந்தச் சாய்வைத் தோளும் இடுப்பும் தாங்க வேண்டும். இரண்டாவது மணி நேரத்தில் அவனுக்கு வலித்தது தொடை அல்ல, இடுப்பு. மேலும், விளையாட்டில் மேட்டின் கனத்தைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு. நாம் மாற்றாவிட்டால் அது பாதியிலேயே இருக்கும். 10 விழுக்காட்டு மேடு காலுக்கு 5 விழுக்காடாகத் தெரியும். வேகம் மட்டும் முழு மேட்டுக்கு உரியபடி குறையும். ஆகவே வேலை குறையாது, ஆனால் பல்சக்கரத்தைச் சிறிதாக்கித் திணறும் அனுபவம் வராது. கெந்திங்கில் அந்த ஏற்பாடு இல்லை. பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும்போது நிறுத்தி மூச்சு வாங்கவும் இடமில்லை.

மூன்று மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விட்டான். படம் எடுத்து அனுப்பினான். முகமெல்லாம் பல்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு, ஆறரை பாகை குறையும். கீழே 32 இருந்தால் கெந்திங் உச்சியில் 21, 22. மூடுபனி வந்தால் இன்னும் குறைவு. அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மேலே போட்டுக்கொள்ள ஒன்றும் கொண்டுபோகவில்லை. பாசிர் கூடாங் பையனுக்குக் குளிர் என்ற எண்ணமே இல்லை. ஈரச் சட்டையோடு மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கினால் எப்படியிருக்கும்? ஐந்து நிமிடத்தில் விரல்கள் மரத்துவிட்டன. விரல் மரத்தால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது.

அவனுக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தவன் என்ன செய்வான்? இரண்டு பிரேக்கையும் பிடித்தபிடி விடாமல் மெதுவாக இறங்கினான். பத்திரமாகப் போகிறோம் என்று அவன் நினைப்பு. நேயர்களே, ஆபத்தே அதில்தான் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

மேலே தூக்கிச் சென்ற 80 கிலோவில் நாம் செலவிட்ட ஆற்றல் எங்கும் போய்விடவில்லை. உயரத்தில் இருப்பாக இருக்கிறது. வங்கியில் போட்ட பணம் மாதிரி. இறங்கும்போது அது முழுவதும் வெளியே வந்தாக வேண்டும். இரண்டு வழியில்தான் அது பெரும்பாலும் வெளியேறும்: ஒன்று, எதிர்க்காற்றைத் தள்ளுவதில், மற்றொன்று, பிரேக்கில் சூடாக. ஆயிரம் மீட்டர் இறக்கத்தின் ஆற்றல் முழுவதும் சூடானால், இரண்டரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு பெரிய கெட்டில் நிறையத் தண்ணீர்! வேகமாகப் போனால் காற்று அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மெதுவாகப் போனால் காற்றுக்குப் பங்கு இல்லை. கெட்டில் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். அவனுடையது சக்கர வளையத்தை ரப்பர் கட்டை பிடிக்கிற பிரேக். சூடு வளையத்தில் ஏறும். வளையத்துக்குள் ரப்பர் டியூப். அதனுள் அடைபட்ட காற்று சூடாகச் சூடாக அழுத்தம் கூடும். ரப்பரும் சூட்டில் வலுவிழக்கும்.

தேர்ந்தவர்கள் எப்படி இறங்குகிறார்கள் என்று கவனியுங்கள். நேரான இடத்தில் பிரேக்கை விட்டுவிடுவார்கள். வளையம் காற்றில் ஆறும். வளைவு வருவதற்கு முன்னால், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைப்பார்கள். வளைவுக்குள் நுழைந்ததும் விட்டுவிடுவார்கள். பிடிப்பதும் விடுவதுமாக இறங்குவார்கள். பார்வை முன்சக்கரத்தில் இருக்காது. வளைவு முடிகிற இடத்தில் இருக்கும். செங்குத்து இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளி உட்காருவார்கள். லாரிக்காரர்கள் கியரைக் குறைத்து இறங்குவதும் இதே காரணத்தால்தான். என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் ஆறும்.

இவற்றில் ஒன்றையாவது திரை மலை சொல்லித் தருகிறதா? திரையில் உச்சியைத் தொட்டுத் திரும்பினால், மிதிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம். பொம்மை மனிதன் 21 வளைவுகளையும் தானே திரும்பிக்கொண்டு மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் இறங்குவான். கைப்பிடியைத் திருப்ப வேண்டாம். பிரேக் தொட வேண்டாம். விழமாட்டான். ஓராண்டில் அவன் அந்த மலையில் நாற்பது முறை ஏறியிருப்பான். இறங்கியது ஒருமுறைகூட இல்லை.

கோத்தோங் ஜெயா தாண்டிக் காட்டுக்குள் இறங்கும்போது முன் டியூப் வெடித்தது. துப்பாக்கிச் சத்தம் போல் இருந்தது என்றான். மெதுவாகப் போனதால் உயிர் தப்பினான் என்று சொல்லலாம். மெதுவாகப் போனதால்தான் வெடித்தது என்றும் சொல்லலாம். சாலையோரக் கால்வாயில் விழுந்தான். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. அந்த நேரத்தில் பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. அதை மட்டும் அக்கா இன்னும் நூறு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சைக்கிளுக்கு மட்டுமா இறக்கம் பகை? 2013 ஆகஸ்டு 21-இல் இதே கெந்திங்கிலிருந்து கோலாலம்பூர்ப் பக்கமாக இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டில் மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகிற கல்லட்டிச் சாலையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள். நீலகிரிச் சைக்கிள் பயணம் என்று 2008 முதல் நடக்கும் நிகழ்ச்சியில் பேர்போன ஏற்றம் அதுதான். அந்தச் சாலையில் விபத்துகள் பெருகியபோது மாவட்ட நிர்வாகம் வெளியூர் வண்டிகளுக்குத் தடை போட்டது. எதற்கு? ஏறுவதற்கு அல்ல, இறங்குவதற்கு.

திரையில் வென்ற ஜே வைனும் விழுந்தார். 2024 ஏப்ரலில் ஸ்பெயினின் பாஸ்க் வட்டாரப் பந்தயத்தில், இறக்கத்து வளைவொன்றில் பலர் ஒன்றாகச் சாய்ந்தார்கள். வைனுக்குக் கழுத்திலும் முதுகிலும் எலும்பு முறிவு. பொறியில் பழகியவர், அதனால் விழுந்தார் என்று சொல்லத் தோன்றும். அது நியாயமாகாது. டூர் டி பிரான்சை இரண்டு முறை வென்ற ஜோனஸ் விங்கெகார் அதே வளைவில் விழுந்து, எலும்புகள் முறிந்து, நுரையீரலில் காயம்பட்டார். அவர் சிறுவயது முதல் சாலையில் ஓட்டியவர். உண்மைச் சாலை எவரையும் விழத்தட்டும். வைன் தேறி வந்து அதே ஆண்டு வுவெல்ட்டாவில் மலையேற்ற வீரருக்கான பட்டத்தை வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

உண்மை மலைக்கு இன்னொரு குணம் உண்டு. அது அசையும். என் அக்கா மகன் விழுந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 2022 டிசம்பர் 16-ஆம் தேதி விடியலுக்கு முன்னர், அதே பத்தாங் காலி–கெந்திங் சாலையோரம் மண் சரிந்து, கூடாரமடித்துத் தங்கியிருந்தவர்களில் 31 பேர் புதைந்து மாண்டார்கள். சாலை மூடப்பட்டது. கட்டுப்போட்ட கையோடு போன காலம் முடிந்து, அப்போதுதான் அவன் மறுபடி மிதிக்கத் தொடங்கியிருந்தான். தொலைக்காட்சியில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு அன்று பொறியில் ஏறவில்லை.

ஜொகூர் பெற்றோர்களுக்குப் பிரேக்கைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2017 பிப்ரவரி 18, பின்னிரவு மூன்று மணிக்குமேல், ஜொகூர் பாருவின் சாலையொன்றில் எட்டுப் பிள்ளைகள் மாண்டார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள். பாசிகால் லாஜாக் என்கிறார்களே, பிரேக்கைக் கழற்றிவிட்டு, தாழ்வாக மாற்றியமைத்து, வயிற்றில் படுத்துக்கொண்டு இறக்கத்தில் விடுகிற சைக்கிள், அந்தக் கூட்டத்தில் கார் மோதியது. வழக்கு நீதிமன்றங்களில் பல ஆண்டு நடந்தது. நான் அதற்குள் போகவில்லை. உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற சைக்கிளின் பிரேக் கம்பியை இன்றைக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ரப்பர் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சில வெள்ளிதான் ஆகும்.

எலும்பு கூடிய பிறகு, அத்தான் மகனை அழைத்துக்கொண்டு பழைய தோட்டப் பக்கம் போனார். இப்போது அங்கே செம்பனை. மேடு மட்டும் அப்படியே இருக்கிறது. நானும் உடன் போனேன். அங்கேதான் அத்தான் முதன்முறையாகத் தம் கதையைச் சொன்னார்.

"பால் கட்டிக்கிட்டு எறங்குறப்ப பிரேக்கை நம்ப முடியாது. சிலிப்பரைப் பின்சக்கரத்துல வச்சுத் தேய்ப்போம். ரொம்பச் செங்குத்துன்னா எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் வருவோம். கலன் சாஞ்சு பால் கொட்டுச்சுன்னா அன்னிக்குக் கூலி கொட்டுச்சு."

"தள்ளிக்கிட்டு வந்தா வெக்கமா இருக்காதாப்பா?"

"எல்லாருந்தான் தள்ளினோம்."

அந்த மேட்டில் ஒரு முற்பகல் முழுவதும் அவன் இறங்கிப் பழகினான். முதலில் பாதி மேட்டிலிருந்து. பிறகு முழு மேட்டிலிருந்து. பிடி, விடு, பிடி, விடு என்று அத்தான் கீழே நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் கீழே வந்ததும் சக்கர வளையத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோய், சூடு தணிந்திருக்கிறதா என்று பார்த்தார். அக்கா தேநீரும் உருளைக்கிழங்குக் கறிப்பப்பும் கொண்டுவந்திருந்தார்.

அன்று மாலை மாசாய் வீட்டுக்குத் திரும்பியதும், மகன் அப்பாவைப் பொறியில் ஏற்றி உட்கார வைத்தான். "நான் ஏறுன மலையை நீங்களும் பாருங்கப்பா" என்றான். கிழவருக்கு ஏறுவது கஷ்டம் என்று, உச்சிக்குப் பக்கத்திலிருந்து இறக்கமாகப் பார்த்துத் தொடங்கி வைத்தான். அத்தான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நான்கு மிதி மிதித்தார். திரையில் சாலை சரிந்தது. பொம்மை மனிதன் குனிந்துகொண்டு வேகமெடுத்தான். முதல் வளைவு வந்தது.

அத்தான் மிதிப்பதை நிறுத்திவிட்டு, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்தினார். பின்சக்கரம் கழற்றிய சைக்கிளில் அந்தப் பிரேக் எதைப் பிடிக்கும்? பொம்மை மனிதன் நிற்காமல் வளைவைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தான்.

"நிக்கமாட்டேங்குதேடா!" என்றார் அத்தான். கையை மட்டும் கடைசி வளைவு வரைக்கும் எடுக்கவில்லை.